பந்து இன்னும் நசுங்கவில்லை, கண்ணு

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

நீ கூரியரில் அனுப்பிய எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் சேலத்துக்கு இறங்கி, ஐந்து ரோடு பக்கம் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் செருகி, இடது தொடை எலும்பின் உருண்டைத் தலையில் ஒரு கறுப்புக் கோட்டைப் பேனா முனையால் காட்டினார். கோட்டுக்கு மேலே உள்ள எலும்புக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிட்டதாம், இதற்கு அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்று பெயராம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. "ஆனால் அந்த உருண்டைப் பந்து இன்னும் நசுங்கவில்லை, இரண்டாம் நிலைதான்" என்றார். முழங்கால் வலி என்று நீ தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாயே, அதுவும் இடுப்பிலிருந்து வந்ததாகத்தான் இருக்குமாம்.

2021-ல் கொரோனா உன் நுரையீரலைப் பிடித்தபோது கொடுத்த ஸ்டீராய்டுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார். அதை நினைத்து நொந்துகொள்ளாதே சாமி. அந்த மருந்துதான் உன்னை எங்களுக்குத் திருப்பித் தந்தது.

ஸ்டெம் செல், அதாவது புதுச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல், அதை வைத்துச் செய்யும் சிகிச்சை பற்றி நீ கேட்டதையும் டாக்டரிடம் கேட்டேன். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், உன்னை நான் இடுக்கிக்கொண்டு நடந்தேனே அதே இடத்தில், ஊசி போட்டு மஜ்ஜையை எடுக்கிறார்கள். அதை மெஷினில் சுழற்றி அடர்த்தியாக்குகிறார்கள். தொடையின் பக்கவாட்டிலிருந்து பந்துக்குள் துளை போட்டு, செத்த இடத்தில் செலுத்துகிறார்கள். துளை போட்டதும் உள்ளே அழுத்தம் குறைந்து வலி அடங்கும். மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள் புது எலும்பு வளரத் துணை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் அதையும் சேர்க்கிறார்கள்.

பிரான்சில் எர்னிகூ என்ற டாக்டர் இப்படிச் செய்து 2002-ல் வெளியிட்ட கணக்கை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பந்து நசுங்குவதற்கு முன் செய்த 145 இடுப்புகளில் 9-க்குத்தான் பிறகு மூட்டு மாற்ற வேண்டிவந்தது. நசுங்கிய பிறகு செய்த 44-ல் 25-க்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. எல்லாருக்கும் இப்படியே அமையும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஆனாலும் அந்தச் சீட்டைப் பார்த்தபின் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: இனி தள்ளிப்போடாதே.

அதற்காக நீ சொன்ன அந்த விளம்பரக்காரர்களிடம் ஓடாதே. நசுங்கிய எலும்பும் ஊசியிலேயே பழையபடி ஆகிவிடும் என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. நசுங்கிய பந்தை எந்த ஸ்டெம் செல்லும் மறுபடி உருண்டையாக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் கொடுத்த வழிகாட்டுதலிலும், ரத்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவதைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் ஆய்வு நிலையில் உள்ளவை என்றுதான் இருக்கிறது. ஆய்வு என்று சொன்னால், மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணைக் கேள். அசல் ஆய்வில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

அப்புறம், வலது இடுப்பையும் படத்தில் பார்க்கச் சொல். இது பல பேருக்கு இரண்டு பக்கமும் வருகிற நோயாம். நண்பர்களோடு எப்போதாவது குடிக்கிறாய் என்று தெரியும். அதை இன்றோடு விட்டுவிடு, சிகரெட்டையும். நாளைக்கே மூட்டு மாற்ற வேண்டிவந்தாலும் பயமில்லை, நன்றாக நடக்கலாம். ஆனால் உன் வயதுக்குப் பின்னாளில் அதையே மறுபடி மாற்ற வேண்டிவரலாம். அதனால்தான் சொந்த எலும்பைக் காப்பாற்றப் பார்க்கிறோம்.

ஆபரேஷன் முடிந்து சில வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. ஊன்றுகோலோடு இந்த மலை வீட்டுப் படியும் சரிவும் உனக்கு ஆகாது, இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வர வேண்டாம். சூரமங்கலத்தில் சித்தி வீட்டுக் கீழ் ரூமைக் கேட்டுவிட்டேன். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, ஜங்ஷனும் பக்கம். மிளகு பறிப்பை அப்பா பார்த்துக்கொள்வார், நான் உன்னோடு இருப்பேன். லீவு எப்போது கிடைக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், டாக்டரிடம் நாள் வாங்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா