அணைத்தது நானில்லை, தம்பி

பாம்பன்
ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள், கரை முழுக்க டீசலும் வார்னிஷும் மணக்கிறது. கச்சான் காற்று பிடித்துக்கொண்டது, ஜன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் மணல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனதிலேயே கிடக்கிறது. "லேப்டாப்பை நீங்க தினமும் ஆஃப் பண்ணிடுறீங்கப்பா, அதான் ஒரு வேலையும் முடிய மாட்டேங்குது" என்றாய். நீ போட்டுவைத்த பாயிங்க் (BOINC) வேலைகளைத்தான் சொன்னாய், சும்மா கிடக்கிற லேப்டாப்பை விஞ்ஞானிகளின் கணக்குக்குக் கடன் கொடுக்கிற அந்த மென்பொருள். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. சங்கத்தில் முப்பத்தோரு வருடம் பேரேடு எழுதியவனுக்குக் கையில் கணக்கு இல்லாமல் வாதாட வராது. இப்போது கணக்கு இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

லேப்டாப்பை நான் ஒருநாள்கூட அணைக்கவில்லை. அது தானாக ஹைபர்னேட் ஆகிறது, அதாவது தூங்கிப்போகிறது.

முதலில் நானும் கரண்டைத்தான் சந்தேகப்பட்டேன். இங்கே மின்வெட்டு உனக்குத் தெரியாததா? பேட்டரி பழசாகி இருபது நிமிஷம்தான் தாங்குகிறது. கரண்ட் போனதும் பாயிங்க் தன் கணக்கை நிறுத்திக்கொள்கிறது, பேட்டரியில் ஓடக்கூடாது என்பதுதான் அதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு. பேட்டரி அடிமட்டத்துக்கு வரும்போது விண்டோஸ் நினைவகத்தில் உள்ளதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டுப் படுத்துவிடுகிறது. சரி, இதுதான் காரணம் என்று நினைத்து ஒரு நோட்டுப் போட்டு, கரண்ட் போன நேரம் வந்த நேரம் எல்லாம் பத்து நாள் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தேறவில்லை. மீதி நேரமெல்லாம் கரண்ட் இருக்கும்போதே அது தூங்கியிருக்கிறது.

அப்புறம்தான் பாயிங்க்கின் ஈவென்ட் லாக்கைத் திறந்தேன். பேரேடு மாதிரியே இருக்கிறது, தேதி, நேரம், என்ன நடந்தது என்று வரிவரியாக. ஒரு நாள் காலையை மட்டும் சொல்கிறேன். 7.42-க்கு நான் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். 'கணினி பயன்பாட்டில் இருக்கிறது, கணக்கீடு நிறுத்தம்' என்று ஒரு வரி. 8.02-க்கு அம்மா இட்லிக்குக் கூப்பிட எழுந்து போனேன். 8.05-க்குக் 'கணக்கீடு தொடர்கிறது'. அதற்கடுத்த வரியே 10.31, மறுபடியும் நிறுத்தம். நடுவில் ஒன்றுமில்லை. 8.17-க்கு அது ஹைபர்னேட் ஆகி, நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி வந்து தட்டுகிறவரை கிடந்திருக்கிறது.

இப்போது நீ செய்த ஏற்பாட்டைப் பார். நான் பேப்பர் படிக்கும்போது லேப்டாப் இழுக்கக்கூடாது என்று, யாராவது தொட்டால் நிற்க வேண்டும், மூன்று நிமிஷம் தொடாமலிருந்தால்தான் ஓட வேண்டும் என்று பாயிங்க்கில் வைத்தாய். அது என்மேல் உள்ள அக்கறை. பதினைந்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் ஹைபர்னேட் ஆக வேண்டும் என்று விண்டோஸில் வைத்தாய். அது கரண்ட் பில்மேல் உள்ள அக்கறை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்லதுதான். சேர்த்துப் பார்த்தால், நான் ஒவ்வொரு தடவை எழுந்து போகும்போதும் அதற்குக் கிடைப்பது பன்னிரண்டே நிமிஷம். உள்ளே பிராசஸர் முழுமூச்சாக ஓடினாலும் விண்டோஸ் அதை ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்வதில்லை. கீபோர்டையும் மவுஸையும் யாராவது தொட்டார்களா என்றுதான் பார்க்கிறது.

ஒரு நாளைக்கு ஆறு தடவை எழுந்தால் 72 நிமிஷம். பதினாலு நாளைக்குப் பதினேழு மணி நேரம் இருக்கும், பிராசஸரில் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் இரண்டு கோருக்கும் சேர்த்து முப்பத்துநாலு. நட்சத்திரங்களைத் தேடும் ஐன்ஸ்டைன் (Einstein@Home) திட்டத்தின் வேலை ஒன்றுக்கு இந்த மெஷினில் பதினோரு மணி நேரம் பிடிக்கிறது. ஆக மூன்றுதான் முடியும். வரிசையில் இருந்ததோ எட்டு, எல்லாவற்றுக்கும் பதினாலு நாள் கெடு. இந்தக் கெடு காலண்டரைப் பார்த்து ஓடுகிறது, லேப்டாப் தூங்கிய நேரத்தை யாரும் கழித்துக்கொடுப்பதில்லை. எட்டு எப்படி வந்தது தெரியுமா? நீ இங்கே இருந்தபோது ராத்திரி பகலாக ஓடவிட்டாயே, அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் பாயிங்க் தனக்கு எவ்வளவு வேலை தாங்கும் என்று கணித்திருக்கிறது. நீ ஊருக்குப் போனது அதற்கு உடனே தெரியவில்லை.

ஆனால் எனக்கு ரொம்பத் தலைவலி கொடுத்தது பாயிங்க்கிலேயே ஓடுகிற இன்னொரு திட்டம், அந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக்காரர்களின் காலநிலை வேலைதான். 31 சதவீதத்திலிருந்து மெல்ல ஏறும், மறுநாள் பார்த்தால் பழையபடி 31. ஒரு வாரம் இதே கதை. ஹைபர்னேட் ஆகும்போது செய்த வேலை அழிந்துபோகிறது என்றுதான் நினைத்தேன். இல்லை. ஹைபர்னேட் என்றால், கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஆள் ஊசியும் நூலுமாக வலையை அப்படியே மூடிவைத்துவிட்டுப் போவது மாதிரி. வந்து திறந்தால் விட்ட கண்ணியிலேயே ஊசி இருக்கும். கெடுத்தது நான் எழுப்பிய விதம். மவுஸைத் தொட்டதும் லேப்டாப் எழுகிறது. உடனே 'ஆள் வந்துவிட்டார்' என்று பாயிங்க் அந்த வேலையை நிறுத்துகிறது. நிறுத்தும்போது நினைவகத்திலேயே வைத்திரு என்ற கட்டத்தில் நீ டிக் போடவில்லை, அதனால் மொத்தமாக வெளியே தூக்கிப் போட்டுவிடுகிறது. அடுத்த தடவை கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வேலையோ இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடினால்தான் ஒரு தடவை தன்னைச் சேமித்துக்கொள்கிறது. கிடைப்பது பன்னிரண்டு. பிறகு எப்படி நகரும்? தூங்கியதில் ஒன்றும் போகவில்லை தம்பி, எழுப்பியதில்தான் போனது.

நாலு மாற்றம் செய்திருக்கிறேன், கோபப்படாதே. சார்ஜரில் இருக்கும்போது தூங்கவே கூடாது என்று வைத்துவிட்டேன். பேட்டரி தீரும்போது ஹைபர்னேட் ஆவதை மட்டும் விட்டுவைத்தேன், அது இல்லாவிட்டால் ஒரேயடியாக அணைந்து போகும். தொட்டால் நிறுத்துவதை எடுத்துவிட்டேன், அதற்குப் பதில் இரண்டு கோரில் ஒன்றுதான் பாயிங்க்குக்கு. பேப்பர் தாராளமாகத் திறக்கிறது. நினைவகத்தில் வைத்திருக்கும் கட்டத்தில் டிக் போட்டேன். கையிருப்பு வேலையை அரை நாளுக்குக் குறைத்தேன். பகலில் மட்டும் பத்து மணி நேரம் விடுகிறேன். முப்பது வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு யூனிட். இலவச யூனிட்டில் அடங்கிவிடும், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ராத்திரி ஓடவிட மாட்டேன், அந்த ஃபேன் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வராது.

காலநிலை வேலையை அது முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். நம் கடலையும் புயலையும் பற்றிய வேலையாயிற்றே என்று மனசு கேட்கவில்லைதான். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதைச் சொல்லிச் சொல்லியே உன் அப்பத்தா எங்களை வளர்த்தது. ஆனாலும் பகலில் மட்டும் ஓடுகிற லேப்டாப்புக்கு அவ்வளவு நீளமான வேலை ஆகாது. சின்ன வல்லத்தை வைத்துக்கொண்டு, விசைப்படகு மாதிரி நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்க யாராவது போவார்களா?

கெடு தவறினால் என்ன, அறிவியலுக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்றாய். வேலை இன்னொருவருக்குப் போய்விடும், வாஸ்தவம்தான். ஆனால் ஐன்ஸ்டைனில் ஒரே வேலையை இரண்டு பேருக்குக் கொடுத்து, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்கிறார்கள். எங்கேயோ ஒருவர் நேரத்துக்கு முடித்து அனுப்பிவிட்டு, நம்முடையது வரும் வரும் என்று பதினாலு நாள் காத்துக்கிடந்திருப்பார். எனக்கு அதுதான் உறுத்தியது. 2010-ல் அப்படித்தான் ஒரு பல்சாரைக் கண்டுபிடித்தார்களாம்: நொடிக்கு ஏறக்குறைய 41 தடவை சுற்றுகிற நட்சத்திரம், அரெசிபோ தொலைநோக்கியின் பதிவிலிருந்து. அமெரிக்காவில் அயோவாவிலுள்ள ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் ஒருவருடைய கணினியும் போட்ட கணக்கு. அந்தத் தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. இதை அம்மாவிடம் சொன்னேன். "விழுந்ததுக்கு அப்புறம் என்னத்தைக் கணக்குப் போடுறீக?" என்று கேட்டாள். பதிவு இருக்கிறதே என்றேன்.

மாற்றத்துக்குப் பிறகு முடிந்த முதல் வேலை நேற்று சாயங்காலம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. இன்னொருவர் விடைக்காகக் காத்திருக்கிறது என்று காட்டுகிறது. இந்தத் தடவை காத்திருப்பது நாம்.

தீபாவளிக்கு வரும்போது பேட்டரி ஒன்று வாங்கி வா. மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கைப்பையிலேயே வைத்துக்கொள், தனி லித்தியம் பேட்டரியை விமானத்தில் பெரிய பெட்டிக்குள் போட விடமாட்டார்கள். அம்மா நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறாள், யாராவது சிங்கப்பூர் வருகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
அப்பா