மூன்று வாளித் தண்ணீர்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், வணக்கம்.

மெல்பர்னில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அக்டோபர் கடைசி வாரம் வைத்த, முதல் உலகப் போரில் பீர்ஷீபா ஊரைப் பிடித்த ஆஸ்திரேலியக் குதிரைப்படையைப் பற்றிய கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. ஆறு பலகை, நாலு மேசை, அவ்வளவுதான். ஆனால் கைகொடுத்தவர்களை எண்ணினால் முப்பதைத் தாண்டுகிறது. வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியாது என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. அவருடைய தாத்தா ஆஸ்திரேலியாவின் 4-வது லைட் ஹார்ஸ் ரெஜிமெண்ட் என்ற குதிரைப்படைப் பிரிவில் இருந்தவர். தாத்தா தொப்பியில் செருகியிருந்த ஈமு இறகையும், குதிரையின் வாயில் மாட்டும் தீனிப் பையையும் நம்பி எங்களிடம் கொடுத்தார். (நம்மூரில் ஈமு என்றால் ஈமு கோழிப் பண்ணை மோசடிதான் ஞாபகம் வரும், சரி.) அந்தப் பையின் கித்தான் துணியில் ஒரு மூலையை யாரோ கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்திருக்கிறார்கள். படை வீரர் ஊசி பிடித்த லட்சணம் அது. வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் துப்பாக்கிப் படங்களை விட்டுவிட்டு அந்தத் தையலைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

அந்த ரெஜிமெண்ட் திரட்டப்பட்டது 1914 ஆகஸ்டில், பிராட்மெடோஸில். கிரெய்கிபர்ன் ரயிலில் நாம் தினமும் தூங்கி வழிந்தபடி கடக்கிற அதே பிராட்மெடோஸ்தான். எல்லோரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். ஆட்களைக் கட்டாயமாக வெளிநாட்டுப் போருக்கு அனுப்பலாமா என்று அரசு 1916-இலும் 1917-இலும் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு தடவையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். இந்தத் தகவலைத் தோண்டித் தந்து, பழைய வாக்கெடுப்புச் சுவரொட்டிகளின் நகலும் எடுத்துத் தந்த உள்ளூர் நூலகத்துப் பெண்மணிக்கு இரண்டாவது நன்றி.

அப்புறம், லாடம் அடிக்கும் தொழிலில் நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தார். பிள்ளைகள் வரைந்த பெரிய படத்தின் முன் நின்று, "இவர்கள் கையில் வாள் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. குதிரைப்படை என்றால் வாள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். தவறு என்னுடையது. இவர்கள் குதிரையில் போய் இறங்கி, தரையில் நின்று சுடும் படை. நாலு பேர் ஒரு குழு. மூன்று பேர் சுடப் போவார்கள், நாலாமவர் நாலு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். பீர்ஷீபா சண்டையன்று மட்டும், எதிரியின் பதுங்குகுழிகளை எட்டும்வரை யாரும் இறங்கவில்லை. துப்பாக்கி முனைக் கத்தியைக் கையில் வாள் மாதிரி பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். பிள்ளைகள் ஒரே மாலையில் எல்லா வாளையும் வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்கள். இடது மூலையில் ஒன்று மட்டும் தப்பிவிட்டது. கண்டுபிடித்தவர்கள் பெரிய மனது பண்ணி மன்னிக்கவும்.

அந்தச் சண்டை நடந்தது 1917 அக்டோபர் 31. இடம் பாலஸ்தீனத்தின் தென்கோடியில் இருந்த பீர்ஷீபா. "அது நம்ம வேதாகமத்துப் பெயெர்செபா, ஆபிரகாம் கிணறு தோண்டின ஊர்" என்று எடுத்துச் சொன்ன எங்கள் ஸ்டெல்லா அக்காவுக்கு நன்றி. அந்த ஒரு வரியில்தான் கண்காட்சியின் பாதையே மாறியது. சண்டையே கிணற்றுக்குத்தான். ராத்திரி முழுக்க நடந்து வந்த குதிரைகள். பலவற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் இல்லை. பொழுது சாயப் போகிற நேரம், மாலை நாலரை மணி வாக்கில் 4-வது, 12-வது ரெஜிமெண்டுகளிலிருந்து சுமார் 800 பேர் ஆறு கிலோமீட்டர் போல வெட்டவெளியில் பாய்ந்து, துருக்கியரின் பதுங்குகுழிகளைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தார்கள். கிணறுகளில் பெரும்பாலானவை தகர்க்கப்படாமல் கிடைத்தன. ஆஸ்திரேலியர் 31 பேர் இறந்தார்கள், குறைந்தது 70 குதிரைகளும்.

குதிரை ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று காட்டச் சொன்னது ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பத்து லிட்டர் வாளி மூன்று. பிள்ளைகள் குழாயடியிலிருந்து சுமந்து வந்து வரிசையாக வைத்தார்கள். மூன்றாவது வாளியில் பேச்சு நின்றுபோனது. 800 குதிரைக்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஒரு தாத்தா, "நம்ம சென்னையில 12,000 லிட்டர் லாரி ரெண்டு, தினமும்!" என்றார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்காக ஒரு சிறு பலகை வைத்த அப்பாவுக்கும் நன்றி. 21 டெஸ்டில் 89 விக்கெட் எடுத்த வேகப் பந்துவீச்சாளர் டிபி காட்டர் அன்று அங்கேதான் இறந்தார், 12-வது ரெஜிமெண்டில், காயப்பட்டவர்களைத் தூக்கும் பணியில்.

பெங்களூரிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எழுந்து எங்களோடு பேசிய நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறோம். லைட் ஹார்ஸ் இருந்த அதே பாலைவனக் குதிரைப்படையில், ஹாரி சோவெல் என்ற அதே தளபதியின் கீழ், மைசூர், ஜோத்பூர் வீரர்களும் இருந்தார்கள். 1918 செப்டம்பர் 23-இல் ஹைஃபா துறைமுக நகரைப் பிடித்தது அவர்கள். அதை விட்டுவிட்டுக் கதை சொல்லியிருந்தால் அசிங்கமாகியிருக்கும்.

ஒரு பலகையை நான் வேண்டாம் என்றேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பழைய மாணவி விடவில்லை. 1918 டிசம்பரில், போர் முடிந்த பிறகு, நியூசிலாந்து வீரர்களும் அவர்களோடு சேர்ந்த ஆஸ்திரேலியர்களும் சுராஃபெண்ட் என்ற அரபுக் கிராமத்துக்குள் புகுந்து ஆண்களைக் கொன்றார்கள். தங்கள் தோழன் ஒருவன் கொல்லப்பட்டதற்குப் பழி. "பாதிக் கதைக்கு என் பேரைப் போடாதீர்கள் சார்" என்றாள். பலகை வைத்தோம். அவள் பிடிவாதத்துக்கு நன்றி.

யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் கண்காட்சிக்குள் வரவே இல்லை. "உந்தச் சண்டைக் கதை எனக்கு வேண்டாம் பிள்ளை. குதிரைகளுக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லு" என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார். சொன்னேன். போர் முடிந்தபோது எஞ்சியிருந்த சுமார் 13,000 குதிரைகளுக்குத் திரும்பக் கப்பல் இல்லை. நோய்த் தடுப்பும் செலவும் காரணம். ஏறத்தாழ 2,000 குதிரைகளைச் சுட்டார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை இந்தியப் படைக்கு விற்கப்பட்டன. போருக்குப் போனவற்றில் ஊர் திரும்பியது சாண்டி என்ற ஒன்றே ஒன்று. அது நம்ம மெல்பர்ன் மரிபிர்னாங்கில்தான் கடைசிவரை இருந்தது. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கொண்டுவந்த ரோல்ஸ் தட்டை என்னிடம் நீட்டி, "பிள்ளையளுக்குக் குடும்" என்றார். நூற்றைம்பது ரோல்ஸ், விடியற்காலையில் எழுந்து சுட்டது.

மண்டபம் தருகிறோம் என்று சொல்லிக் கடைசி வாரத்தில் கைவிரித்தவர்களைப் பற்றி எழுதப் போவதில்லை. அன்றிரவே வகுப்பறைச் சாவிக்கு ஏற்பாடு செய்த பெற்றோருக்கு மட்டும் ஒரு கும்பிடு.

இறகும் பையும் பத்திரமாகத் திரும்பிப் போய்விட்டன. மேசைகளும் போய்விட்டன. நீல நிற வாளி ஒன்று மட்டும் வகுப்பறையில் இருக்கிறது, கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். யாருடையதோ, வரும் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில்