2028-க்குள் இலங்கைக்கு நாம் செய்ய வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமேசுவரம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் சிக்கும் ஒவ்வொரு முறையும், "400 கோடி டாலர் கொடுத்தோமே, அதற்கு இதுதானா கைம்மாறு?" என்ற குரல் எங்கள் மாவட்டத்தில் எழுகிறது. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தத் தொகையைப் பற்றிச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

2022-இல் பொருளாதார நெருக்கடியில் சிக்கிய இலங்கைக்கு இந்தியா வழங்கிய அந்த உதவியில் பெரும்பகுதி கடன்தான். பிப்ரவரியில் எரிபொருள் வாங்க 50 கோடி டாலரும், மார்ச்சில் உணவு, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருள்களுக்கு 100 கோடி டாலரும் கடன் வசதியாக ஒதுக்கப்பட்டன. பின்னர் திருப்பித் தரும் ஏற்பாட்டில் அமைந்த 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றமும், ஆசிய நாடுகளுக்கிடையிலான வர்த்தகக் கணக்கில் இலங்கை வைத்திருந்த பாக்கிக்குத் தரப்பட்ட கால அவகாசமும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே. அந்த உதவியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக 2022 ஏப்ரல் 12 அன்று கொழும்பு அறிவித்தது. பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்ததோ 2023 மார்ச் 20 அன்றுதான். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர் என்று கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெட்ரோல் வாங்கிய அந்த இடைக்காலத்தில், வேறு எவரும் முன்வரத் தயங்கிய வேளையில் இந்தியா கைகொடுத்தது. 2022 மார்ச் மாதத்தில், தலைமன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு படகேறி, தனுஷ்கோடிக்கு அருகே மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள் மீட்கப்பட்டு மண்டபம் முகாமுக்கு வந்துசேர்ந்ததை நாங்கள் அறிவோம்.

திருப்பிக் கேட்காமல் கொடுத்ததும் உண்டு. 2022 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி, 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் ஆகியவற்றைத் தமிழ்நாடு அனுப்ப முன்வந்தது. தமிழர்களுக்கு மட்டும் என்றிருந்த முதல் எண்ணத்தை, எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று மாற்றச் சொன்னவர்கள் அங்குள்ள தமிழ்த் தலைவர்களே என்பதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள்.

கடனாகக் கொடுத்ததை யார் அடைக்கிறார்கள் என்பதே என் கவலை. நெருக்கடிக்கு முன்னாள் ஆட்சியாளர்களான ராஜபக்சே சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டு உள்நாட்டுக் கடனை, அதாவது அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் வட்டியையும் தவணைகளையும், சீரமைத்தபோது வங்கிகளுக்கு விலக்களிக்கப்பட்டு, தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் மீது சுமை இறங்கியது. 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதமாயிற்று. மலையகத்தில் தேயிலை பறிக்கும் பெண்ணின் வருங்கால வைப்புப் பணமும் அந்த நிதியில்தான் சேர்கிறது. மாதக் கடைசியில் அவர் கையில் நிற்கும் கூலியைப் பார்த்தால், இந்தச் சீரமைப்பை மீட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவற்றைத் தலைமையாகக் கொண்ட கடன் வழங்கிய நாடுகளின் குழுவுடன் 2024 ஜூன் 26 அன்று ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, 580 கோடி டாலர் கடனின் தவணைகள் 2028 வரை தள்ளிவைக்கப்பட்டுள்ளன. அதற்குப் பிறகு தவணை தொடங்கும்போது மீண்டும் வரியையும் சேமநிதியையும் தொடாமல் இருக்க வேண்டுமானால், கடன் கொடுத்தவர்களே இப்போது கொஞ்சம் இறங்கிவர வேண்டும். பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட கடனை மானியமாக மாற்றியிருப்பதாக 2025 ஏப்ரலில் கொழும்பு சென்ற பிரதமர் அறிவித்தார். அது நல்ல தொடக்கம்; ஆனால் போதாது. அவ்வாறு மாற்றப்படும் தொகை மலையக வீடுகள், மருத்துவமனைகள், பள்ளிகள் என்று மக்கள் கண்ணில் படும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

மீனவர் பிரச்சினையை இதனோடு முடிச்சுப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. படகுகளைப் பறிகொடுத்து நிற்கும் நம்மவர் துயரம் உண்மை. நம் இழுவைமடிப் படகுகளால் வலை அறுபட்டு நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழரே. அதற்குத் தனியாகப் பேச்சு நடக்கட்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள், அந்த 400 கோடி டாலரில் எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு மானியமாயிற்று, மீதிக்கு 2028-இல் என்ன நிபந்தனை என்று வரும் கூட்டத்தொடரில் நிதியமைச்சரிடம் கேட்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
இராமநாதபுரம்.