புகார் கடிதம்: 'எக்ஸலன்ட்' என்று விற்ற ஃபிஷ் ஐ லென்ஸைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோருதல்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பழைய கேமரா மற்றும் லென்ஸ் விற்பனைப் பிரிவு.

பொருள்: நிக்கான் 8 மி.மீ. எஃப்/2.8 ஃபிஷ் ஐ லென்ஸ் – விளம்பரத்துக்கு மாறான, பழுதான பொருளை அனுப்பியது – முழுத்தொகையையும் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

மேற்படி லென்ஸை உங்கள் இணையதளத்தில் ரூ. 1,85,000 முன்கூட்டியே கட்டி வாங்கினேன். முன்னால் இருக்கும் பாதி உலகத்தையே வளைத்து ஒரு வட்டப் படத்துக்குள் கொண்டுவரும் லென்ஸ் இது. 'எக்ஸலன்ட் நிலை, கண்ணாடி சுத்தம், பூஞ்சை இல்லை, வளையங்கள் சீராகச் சுழலும், இதுவரை பிரிக்கப்படாதது, ஒரிஜினல் உலோக மூடியுடன்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். வந்து சேர்ந்த லென்ஸுக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

முதலில் மூடி. பார்சலைப் பிரித்ததை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். இந்த லென்ஸின் முன்பக்கம் 123 மி.மீ. அகலம், கண்ணாடி கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வெளியே புடைத்து நிற்கும். முன்னால் ஃபில்டரோ ஹுட்டோ மாட்ட வழியில்லை. அந்த உலோக மூடி ஒன்றுதான் காவல். அதற்குப் பதிலாக ஒரு பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ரப்பர் பேண்ட் வழியிலேயே இற்றுப்போய்க் கண்ணாடி விளிம்பில் ஒட்டிக் கிடந்தது.

முன்னால் மாட்ட முடியாது என்பதால்தான் நிக்கான் இதற்குள்ளேயே ஐந்து ஃபில்டர்களை ஒரு சக்கரத்தில் வைத்திருக்கிறது. உங்கள் லென்ஸில் அந்தச் சக்கரம் ஸ்கைலைட் என்ற ஃபில்டருக்கும் மஞ்சள் ஃபில்டருக்கும் நடுவில் சிக்கி நிற்கிறது. இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது. பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே ஒரு கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள் கிளைவிட்டு ஓடுகின்றன. பூஞ்சை இல்லை என்று எழுதியவர் டார்ச் அடித்துப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

'இதுவரை பிரிக்கப்படாதது' என்பதுதான் எல்லாவற்றையும் மிஞ்சிய பொய். திருகுகளின் தலை மழுங்கியிருக்கிறது. பெயிண்ட் உரிந்து வெள்ளையாகத் தெரிந்த இடங்களில் கறுப்பு மார்க்கர் பூசியிருக்கிறது. இங்கே எனக்குப் பழக்கமான சர்வீஸ் மெக்கானிக் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு திருகைத் துடைத்ததும் மை அப்படியே பஞ்சில் ஏறியது. பிரித்தவர் யாரோ தெரியாது. ஆனால் மறைக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

பிரித்தவர் சரியாகவும் பூட்டவில்லை. படத்தின் வட்டத்தில் ஒரு பக்கம் கூர்மையாக வருகிறது, எதிர்ப்பக்கம் கலங்கி வருகிறது. கேமராவை டிரைபாடில் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை மறுபடி எடுத்தேன். கலங்கல் ஃப்ரேமின் அதே பக்கத்தில்தான் இருந்தது. அப்படியென்றால் கோளாறு காட்சியில் இல்லை, லென்ஸில்தான். வெளிச்சம் நுழையும் துவாரத்தை எஃப்/8-க்குக் குறைத்தும் தெளியவில்லை. இரண்டு படங்களையும் உங்களுக்கு ஏற்கனவே அனுப்பிவிட்டேன்.

அதற்கு உங்கள் கஸ்டமர் கேரிலிருந்து வந்த பதில்: 'ஃபிஷ் ஐ லென்ஸில் ஓரம் அப்படித்தான் வளையும் சார்.' வளைவு வேறு, கலங்கல் வேறு. வளைவுக்காகத்தான் இந்த லென்ஸையே வாங்குகிறார்கள். விளம்பரத்தில் 220 பாகை கோணம் என்று வேறு போட்டிருந்தீர்கள். அது இதே நிறுவனத்தின் 6 மி.மீ. லென்ஸின் கணக்கு, 5.2 கிலோ எடையுள்ள, தனியாக ஆர்டர் கொடுத்தால் மட்டுமே செய்து தந்த பொருள். 8 மி.மீ.க்கு 180 பாகைதான். அது எனக்குத் தெரியும் என்பதால் அந்தப் பிழையை நான் இந்தப் புகாரில் சேர்க்கவில்லை. விற்கும் பொருளைப் பற்றி உங்களிடம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த முறை பேசியவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 'இது ரேர் பீஸ் சார், கலெக்டர்ஸ் ஐட்டம். ஷோகேஸில் வைத்தால் ஒன்றும் தெரியாது' என்றார்.

நான் ஷோகேஸில் வைக்க வாங்கவில்லை. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில், ஆய்வாளர்களுக்காக மரக்கூரையை, அதாவது தலைக்கு மேல் கிளைகளும் இலைகளும் சேர்ந்து மூடும் பரப்பை, கீழிருந்து படம் எடுத்துத் தருவது என் பிழைப்பு. கேமராவை வானம் பார்க்க மட்டமாக வைத்து எடுத்தால், வட்டத்தின் நடுப்புள்ளி உச்சிவானம், விளிம்பு அடிவானம். நடுவிலிருந்து விளிம்புக்குப் பாதி தூரம் போனால் 45 பாகை. அந்தக் கணக்கை வைத்துத்தான் இலை எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, தரைக்கு வெளிச்சம் எவ்வளவு இறங்கும் என்று அளக்கிறார்கள். ஒரு பக்கம் கலங்கினால் சிறு இடைவெளிகள் எல்லாம் இலையோடு கரைந்துவிடும், அளவு பொய்யாகிவிடும். வெயில் நேராக அடிக்காத மேகமூட்டமான பொழுதுகளில்தான் இந்த வேலை நடக்கும். இந்தப் பருவத்தின் அப்படிப்பட்ட நாட்கள் உங்கள் பதிலுக்குக் காத்திருந்ததிலேயே போய்விட்டன.

அழகுக்கு வைக்கிற பொருளாகவும் இது பிறக்கவில்லை. நிக்கான் நிறுவனம் நிப்பான் கோகாகு என்ற பழைய பெயரில் இருந்தபோது 1938-இல் செய்த முதல் ஃபிஷ் ஐ லென்ஸே வானம் முழுக்க உள்ள மேகங்களை ஒரே படத்தில் பதிவதற்காகத்தான். அளக்கிற கருவியை அலங்காரப் பொருள் என்று சொல்லிப் பழுதை மூட வேண்டாம். அரிய பொருள் என்பதால்தான் இந்த விலை கேட்டீர்கள், நானும் கொடுத்தேன். அதே காரணத்தைக் காட்டிப் பழுதையும் என் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த வரி செல்லாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். என் முந்தைய மின்னஞ்சலுக்கு இதுவரை ஒப்புகைகூட வரவில்லை.

'ரிப்பேர் செய்து தருகிறோம், ஐந்தாயிரம் தள்ளுபடி தருகிறோம்' என்ற சமரசம் எனக்கு வேண்டாம். இந்த லென்ஸுக்கு உதிரி பாகம் கிடைக்காது. ஏற்கனவே கெடுத்தவர்களிடம் இன்னொரு முறை பிரிக்கக் கொடுக்கவும் எனக்கு மனமில்லை. ரூ. 1,85,000 முழுவதையும், மெக்கானிக்குக் கொடுத்த பரிசோதனைக் கட்டணத்தையும் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். லென்ஸை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். நானே நல்ல பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். அங்கே மன உளைச்சலுக்கும் நின்றுபோன வேலைக்கும் சேர்த்தே கேட்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் பிரித்த வீடியோ, சோதனைப் படங்கள், மெக்கானிக்கின் கையொப்பமிட்ட குறிப்பு.