படலையில் ஒட்டிய தாள்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்தபோது எவ்வளவு சந்தோஷம்! இங்கே மழை தொடங்கிவிட்டது. இரணைமடுக் குளம் இன்னும் நிரம்பவில்லை, ஆனாலும் காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கலிபோர்னியாவில் கவுண்டிப் பதிவாளர் கந்தோரில் 'நோட்டீஸ் ஒஃப் டிஃபோல்ட்' என்கிற தவணை தவறிய அறிவித்தல் பதிவுகளைப் பார்த்து, கடன் கட்ட முடியாமல் நிற்கிற வீடுகளை ஏலத்துக்கு முன்னமே தேடிப் போகிறாய். வன்னியிலும் அப்படிக் காணி தேடலாமா என்கிறாய். தேடலாம். ஆனால் வழி வேறு. இருபது வருஷம் உறுதி எழுதுகிற நொத்தாரிசுக் கந்தோரில் இருந்து தோம்பு, அதாவது காணி உரிமைப் பதிவு, பார்த்தவன் சொல்கிறேன், கேள்.

இங்கே வங்கி நீதிமன்றம் போகாமலே கடனுக்கு ஈடு வைத்த காணியை ஏலம் போடலாம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. பராட்டே என்று ஊரில் சொல்வது அதைத்தான். பணிப்பாளர் சபையின் தீர்மானம் அரசாங்க வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரவேண்டும். ஏலத்துக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் திகதியும் இடமும் மறுபடி வர்த்தமானியில் வரும். அப்போ வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் புரட்டினால் போதுமே என்று நினைப்பாய். போதாது. எடுத்த கடனின் முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவென்றால் பராட்டே செல்லாது. கடைக்கும் உழவு இயந்திரத்துக்கும் காணியை ஈடு வைத்தவர்கள் என்று என் கையால் போன ஈடுகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அப்படியானவற்றுக்கு வங்கி வழக்கு வைக்கவேண்டும். வழக்கு வைத்தால் காணிப் பதிவகத்து ஏட்டில் அந்தக் காணியின் பக்கத்தில் 'லிஸ் பெண்டன்ஸ்', அதாவது வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற குறிப்பு, விழும். நீ அங்கே பட்டியலைப் பார்த்துவிட்டு அந்த வீட்டைத் தேடிப் போகிறாய். இங்கே காணியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஏட்டைத் திறக்கலாம். ஒரு ஈடு, அதன் மேல் இன்னொரு ஈடு, இரண்டையும் கடன் கட்டி மீட்டதாகப் பதியவில்லை என்றால் அந்த வீட்டில் கஷ்டம் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி வேறு கதை. குடியேற்றத் திட்டக் காணிகளுக்குப் பிரதேச செயலகத்துக் கோப்பைத்தான் பார்க்கவேண்டும், பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அது கைமாறாது.

இப்போ உனக்கு இதுவரை எழுதாத ஒன்று. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியதே, அதோடு அத்தானின் அரிசி ஆலைக் கடன் நொடித்துவிட்டது. அடுத்த வருஷம் படலையில் ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் போனபோது அக்கா ஈரத்துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாள் கிழிந்து வந்தது. பசை மட்டும் தகரத்தில் வெள்ளையாய் நின்றது. அந்தக் கிழமையே மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பத்திரிகைத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே "எவ்வளவுக்குக் குடுப்பியள்?" என்று கேட்டார். அத்தான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

நாலாவதாய் வந்தவர் விசுவமடு ஆள். திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். வங்கிக் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதல், வட்டி, வங்கிச் செலவு, நொத்தாரிசுக் கூலி எல்லாம் எழுதிக் கழித்து, மிஞ்சுவதை அத்தானிடம் காட்டினார். ஏலத் திகதிக்கு முன் முழுவதையும் கட்டினால் விற்கமுடியாது என்று சட்டத்தில் இருக்கிறது. அவர் கட்டினார். ஆலை அவருக்குப் போனது. மிஞ்சிய காசில்தான் அக்கா உருத்திரபுரத்தில் இரண்டு அறை வீடு கட்டினார்.

அதனால்தான் மச்சான், நீ கதவைத் தட்டும்போது அந்த விசுவமடு ஆள் போலப் போ என்று கேட்கிறேன். தவணை கட்டாமல் 120 நாள் கடந்த பிறகுதான் அங்கே முதல் நோட்டீஸே விழும் என்று நீதானே எழுதினாய். அப்படியென்றால் நீ பேரைப் பார்க்கிற நாளில் அந்த மனுசன் நாலு மாதமாய்த் தவித்துவிட்டான். நோட்டீஸுக்குப் பிறகு ஏல அறிவித்தல் வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் சாதாரண விலைக்கே விற்கலாம் என்றால் அதையும் அவனிடம் சொல். குடியிருக்கும் வீட்டை உன்னைப்போல் முதலீட்டுக்கு வாங்குகிறவருக்கு எழுதிக்கொடுத்தாலும் 5 வேலை நாளுக்குள் ரத்துச் செய்ய அங்கே உரிமை இருக்கிறது. அதை முதல் சந்திப்பிலேயே உன் வாயால் சொல்லிவிடு.

அப்புறம், இங்கே காணி வாங்குகிற எண்ணம் உறுதி என்றால் இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டாயா என்று எழுது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் குடிமகன் பேரில் காணி எழுத முடியாது. எடுத்திருந்தால் பரந்தன் பக்கம் ஒரு துண்டு இருக்கிறது. சொந்தக்காரர் எனக்குத் தெரிந்தவர், தானே விற்கக் கேட்கிறார். தோம்பு எடுத்து அனுப்புகிறேன். தைக்கு வருவாய்தானே? அக்கா உன்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவரச் சொன்னார்.

உன் பழைய வாங்குத் தோழன்