வார்டுக்கு இறங்கட்டும் காலநிலைத் திட்டம்

ஐயா,

சென்னைக்கான காலநிலைச் செயல்திட்டம் 2023-இல் வெளியானது. 2050-க்குள் கார்பன் சமநிலை, அதாவது நகரம் வெளியிடும் கரியமில வாயுவும் அகற்றப்படும் அளவும் சமமாவது, என்பது அதன் இலக்கு. சரி, நல்ல இலக்குதான். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்கள் நாங்கள் 2050-ஐ நினைக்கவில்லை. எதை முதலில் மாடிக்குத் தூக்குவது என்றுதான் தவித்தோம். திட்டத்தை வார்டு வாரியாகப் பிரித்து, எளிய தமிழில், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டங்களில் வைக்க வேண்டும். எந்தக் கால்வாய் எப்போது தூர்வாரப்படும், எந்தத் தெருவுக்கு நிழல் மரம் வரும், அதற்குப் பட்ஜெட்டில் எவ்வளவு என்று மக்கள் கேட்க அதுதான் இடம். அப்புறம் வெயிலையும் மறக்க வேண்டாம். தகரக் கூரை வீட்டில் மே மாத மதியம் ஒன்றைக் கழித்துப் பார்த்தால் தெரியும்.

ஒரு வாசகர்,
வேளச்சேரி