கட்டுரையின் கடைசி வரியில் இடம் போதாதவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

உணவுப் பாதுகாப்பையும் குடல் பாக்டீரியாக்களையும் ஒருசேர ஆராய்ந்துவரும் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் சார்பில் இந்த மடல். ஆய்வுக்கட்டுரைகளின் முடிவில் ‘தொழில்நுட்ப உதவி செய்தவர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி வருவது வழக்கம். மீடியா அறை, கண்ணாடிப் பொருள் கழுவுமிடம், கேஸ் சிலிண்டர், உறைபெட்டி, மாதிரி கொடுத்தவர்கள் எல்லாரையும் அந்த ஒரு வரிக்குள் திணித்துவிடுகிறோம். யார் எதைச் செய்தார், அதைச் செய்யாமல் விட்டிருந்தால் எந்த முடிவு பொய்யாகியிருக்கும் என்பது அதில் தெரிவதில்லை. அதை இங்கே விரித்துச் சொல்கிறோம்.

முதலில் மீடியா அறை. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு தயாராகும் இடம். உணவில் சால்மொனெல்லா என்ற நோயுண்டாக்கும் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க, 25 கிராம் உணவை 225 மி.லி. பஃபர் பெப்டோன் நீர் என்ற ஊட்டத் திரவத்தில் கலந்து 37 டிகிரியில் சுமார் 18 மணி நேரம் வைக்கிறோம். பிற பாக்டீரியாக்களைத் தடுக்கும் பொருள் எதுவும் இந்த நீரில் கிடையாது. காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். உலர்த்தியதிலும் உறையவைத்ததிலும் உப்பிலும் அடிபட்ட செல்கள் முதலில் தேறிவர வேண்டும். எடுத்த எடுப்பில் கடுமையான திரவத்தில் விட்டால் அவை செத்துப்போகும். கிருமி உணவில் இருக்கும், அறிக்கையில் ‘இல்லை’ என்று வரும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை அப்படியே பயன்படுத்தினாலும் இதே தொல்லைதான். நீர் சூடேறும் நேரமெல்லாம் அந்தப் 18 மணி நேரத்தில் கழிந்துபோகும். முந்தின நாளே பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தவர்களுக்கு நன்றி.

அடுத்த நிலையில், பிற பாக்டீரியாக்களை அடக்கி சால்மொனெல்லாவை வளரவிடும் இரண்டு திரவங்கள். ஒன்றில், 10 மி.லி.க்கு அந்தப் பெப்டோன் நீர்க் கலவை 0.1 மி.லி. மட்டும் விட்டு 41.5 டிகிரியில் வைக்கிறோம். அதில் சேரும் மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் உப்பு. பலமுறை திறந்து மூடிய டப்பாவிலிருந்து எடுத்தால் தராசு காட்டும் எடையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் புதிய டப்பாவைத் திறந்த அன்றே முழுவதையும் கரைசலாக்கி வைக்கிறார்கள். விரயம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு தொகுப்பும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

இரண்டாவது திரவத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அதன் அடிக்கரைசலில் தயோசல்பேட் இருக்கிறது. பயன்படுத்தும் நாளில் அயோடின் சேர்த்தால் தயோசல்பேட் டெட்ராதயோனேட்டாக மாறும். அயோடின் தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் 25 கிராம் பொட்டாசியம் அயோடைடை 10 மி.லி. நீரில் கரைத்து, அதில் 20 கிராம் அயோடினைக் கரைத்து, பிறகுதான் 100 மி.லி. ஆக்க வேண்டும். வரிசையை மாற்றினால் அடியில் துகள் தங்கும், திரவத்தின் வலு குறையும். அயோடின் சேர்த்தபின் சூடுபடுத்தவும் கூடாது. டெட்ராதயோனேட் பல போட்டி பாக்டீரியாக்களை அடக்கும்; சால்மொனெல்லாவோ அதைச் சமாளிக்கும் நொதியோடு பிறந்தது.

பல பத்தாண்டுகளாக உணவுச் சோதனைக்கூடங்களில் இருந்துவந்த இந்தத் திரவத்துக்கு குடலில் ஒரு மறுபாதி உண்டென்று 2010இல்தான் தெளிவானது. குடல் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. குடற்சுவர் அதைத் தயோசல்பேட்டாக்கி நச்சு நீக்குகிறது. சால்மொனெல்லா தூண்டிவிடும் அழற்சியில் வெள்ளணுக்கள் கக்கும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் சேர்மங்கள் அந்தத் தயோசல்பேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றுகின்றன. ஆக்சிஜனுக்குப் பதிலாக அதைக்கொண்டே சுவாசித்து, சால்மொனெல்லா மற்ற குடல்வாசிகளை முந்துகிறது. பாட்டிலில் அயோடின் செய்யும் வேலையை உடலில் அழற்சி செய்கிறது. உணவுச் சோதனையையும் குடல் ஆய்வையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

இன்னொரு பதிலை நூலகப் பணியாளர்கள் தேடி எடுத்துத் தந்தார்கள். 1950களில் சிகாகோவில் போன்ஹாஃப், மில்லர் ஆகியோர் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தபின், மிகக் குறைந்த எண்ணிக்கை சால்மொனெல்லாவே நோயுண்டாக்கப் போதுமானதாக இருந்ததைக் காட்டினார்கள். 1973இல் பின்லாந்தின் நுர்மி, ரன்டாலா இருவரும் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் கொடுத்து, சால்மொனெல்லா குடியேறுவதைத் தடுக்கலாம் என்று எழுதினார்கள். உணவில் எத்தனை கிருமி இருந்தால் ஆபத்து என்ற கேள்விக்கு, அது போய்ச் சேரும் குடலைக் கேட்காமல் விடை சொல்ல முடியாது என்பதை அந்தப் பழைய தாள்கள் எப்போதோ சொல்லிவிட்டன.

சால்மொனெல்லாவை அடையாளம் காண உதவும் எக்ஸ்எல்டி அகார் என்ற கூழ் ஊடகத்தை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) வைக்காமல் கொதிக்க மட்டும் வைத்து உடனே ஆறவிட்டவர்களுக்கும் நன்றி. அதிகச் சூடு பட்டால் வீழ்படிவு தங்கும். நடுவில் கறுப்புப் புள்ளியோடு சிவந்து வரவேண்டிய காலனிகள் (பாக்டீரியாத் திரள்கள்) மங்கலாக வரும்.

கண்ணாடிப் பொருள் கழுவுபவர்களின் வேலையில் பிழை வந்தால் அது கண்ணுக்கே தெரியாது. சோப்பின் மிச்சம் பளபளப்பாகத்தான் இருக்கும். வளர்ச்சி மட்டும் குறையும். பாக்டீரியா குறைவென்று உணவைப் பாராட்டிவிடுவோம். ஒவ்வொரு தொகுப்பிலும் சிலவற்றை எடுத்து அமிலம், காரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோதைமால் நீலம் ஒரு சில சொட்டு விட்டுப் பார்க்கிறீர்களே, அதற்காகத் தனி நன்றி. பச்சை என்றால் சரி. நீலம் என்றால் காரம், மஞ்சள் என்றால் அமிலம் தங்கியிருக்கிறது, மறுபடி அலச வேண்டும்.

ஆட்டோகிளேவை இயக்குபவர்களோடு அவசரக்காரர்கள் சண்டை போடாத வாரம் குறைவு. 121 டிகிரி, 15 நிமிடம் என்பது பாத்திரத்துக்குள் இருக்கும் பொருள் அந்த வெப்பத்தை எட்டியபிறகு கணக்கிட வேண்டியது. சிறு குழாய் சீக்கிரம் எட்டும். ஒரு லிட்டர் குடுவையின் நடுப்பகுதி வெகுநேரம் பின்தங்கும். கழிவுப் பையை இறுக்கிக் கட்டினால் உள்ளே அகப்பட்ட காற்று ஆவியை விடாது. வாயைத் தளர்த்தி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கூடுதல் நேரம் வைக்க வேண்டும். வரிகள் நிறம் மாறிய ஆட்டோகிளேவ் டேப், அந்த இடம் சூடானது என்பதற்கு மட்டுமே சாட்சி. கிருமி செத்ததா என்று சொல்வது ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் பாக்டீரியாவின், சூட்டைத் தாங்கும் ஸ்போர் (உறங்கு வித்து) அடங்கிய குப்பி. அந்தக் குப்பியின் விடை வரும்வரை கழிவை வெளியே விடாத உங்கள் பிடிவாதம் வாழ்க.

ஆக்சிஜன் இல்லாத அறையைக் காப்பவர்களிடம் பட்ட கடன் பெரிது. குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது. ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி போன்றவை காற்றுப்பட்ட சில நிமிடங்களில் மடிந்துவிடும். 1940, 50களில் ராபர்ட் ஹங்கேட் அசைபோடும் விலங்குகளின் இரைப்பை நுண்ணுயிர்களுக்காக மூடிய குழாய்களில் உருவாக்கிய முறையின் வழியில் வந்ததுதான் இன்றைய வேலை. அறைக்குள் ஹைட்ரஜன் 5 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 5 முதல் 10 சதவீதம், மீதி நைட்ரஜன். கசிந்து வரும் ஆக்சிஜனைப் பல்லேடியம் ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீராக்குகிறது. அந்தத் தண்ணீரே பல்லேடியத்தை நனைத்து வேலையைக் கெடுக்கும் என்பதால் அதை அடிக்கடி வெளியே எடுத்து அடுப்பில் உலர்த்துகிறார்கள். ஈரம் போய்விடும். பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்பைடு ஏறிவிட்டால் சூட்டுக்கும் மசியாது, மாற்றத்தான் வேண்டும்.

ரெசசுரின் என்ற, ஆக்சிஜனைக் காட்டும் சாயம் கலந்த ஊடகம் நிறமற்று இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பு தெரிந்தால் ஆக்சிஜன் நுழைந்துவிட்டது. ஆக்சிஜனை ஒழிக்கும் சிஸ்டீனை லிட்டருக்கு அரை கிராம் சேர்த்து, தட்டுகளை முந்தின நாளே உள்ளே வைத்துவிடுவது இதற்காகத்தான்; அகாருக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெளியேற நேரம் பிடிக்கும். அறை கசிந்தால் தட்டு வெறுமையாக இருக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் நல்லதாயிற்றே! எஸ்கெரிச்சியா கோலியும் என்டரோகாக்கசும் காற்றிலும் வளரும், காற்றில்லாமலும் வளரும். அவை தட்டை நிரப்பிவிடும். பார்க்க வளமாகத் தெரியும் அந்தத் தட்டில் குடலின் உண்மையான பெரும்பான்மை காணாமல் போயிருக்கும். சிலிண்டர் அழுத்தத்தை விடுமுறை நாளிலும் வந்து பார்த்துப்போனவர்களே, எங்கள் பட்டியலில் உள்ள கடினமான இனங்கள் எல்லாம் உங்கள் கணக்கில் சேரும்.

உணவு மாதிரி கொண்டுவந்தவர்களுக்கு. குளிர்வித்த மாதிரி 1 முதல் 8 டிகிரிக்குள் வர வேண்டும், உறையவும் கூடாது. ‘இன்னும் நன்றாகக் குளிரட்டும்’ என்று உறையவைத்தால் கேம்பிலோபாக்டரும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்சும் பெருமளவு செத்துவிடும். நாளை பார்க்கலாம் என்று குளிரில் தள்ளிவைத்தால் லிஸ்டீரியா அங்கேயே பெருகும். ஐஸ்கட்டியை மாதிரியின்மேல் நேராக வைக்காமல், வெப்பநிலையை அளக்கத் தனிப் பையில் தண்ணீர்க் குப்பி ஒன்றைச் சேர்த்துக் கொண்டுவந்த கவனத்தை மறக்கமாட்டோம்.

மலம் மாதிரி தந்த பங்கேற்பாளர்களே, உங்களுக்கு நன்றி சொல்லும்போது யாரும் நெளிய வேண்டியதில்லை. சிறுநீரும் கழிப்பறைத் தண்ணீரும் கலக்காமல் எடுத்தீர்கள். எடுத்த நேரத்தைக் குறித்தீர்கள். மலத்தின் தோற்றத்தை வகைப்படுத்தும் பிரிஸ்டல் அட்டையின் ஏழு வகைகளில் எது என்று வட்டமிட்டீர்கள். அந்த வட்டம் சம்பிரதாயம் அல்ல. மலத்தின் இறுக்கம் குடலில் தங்கிய நேரத்தைக் காட்டுகிறது. அது தெரியாவிட்டால், தங்கிய நேரத்தால் வந்த வேறுபாட்டை உணவால் வந்ததென்று எழுதிவிடுவோம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதை மறைக்காமல் சொன்னவர்கள் இன்னும் பெரிய உதவி செய்தார்கள். தாமதமாகும் என்று தெரிந்தவுடன் தொலைபேசியில் சொன்னவர்களும் அப்படியே: அறை வெப்பத்தில் கிடக்கும் மாதிரியில் சில இனங்கள் பெருகி, படமே மாறிவிடும். வந்தவுடன் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்த இரவுப் பணியாளர்களால், ஒரு பங்கை எடுக்க மற்றதெல்லாம் உருகும் நிலை வரவில்லை.

டிஎன்ஏ பிரிக்கும் குழு, தடித்த சுவருடைய கிராம்பாசிட்டிவ் செல்களைச் சிறு மணிகளோடு குலுக்கி உடைக்கிறது. இதைச் சுருக்கினால் அந்தக் கூட்டமே குறைவாகத் தெரியும். ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரியே இல்லாத வெற்றுக்குழாய் ஒன்றையும் அதே வழியில் நடத்துகிறார்கள்; டிஎன்ஏ பிரிக்கப் பயன்படும் கிட்டிலேயே (ஆயத்தப் பொருள் தொகுப்பிலேயே) பாக்டீரிய டிஎன்ஏ இருக்கும் என்பதை 2014இல் வெளிவந்த ஆய்வு தெளிவாகக் காட்டியபின் அதைக் கேள்வி கேட்க யாருக்கும் வாயில்லை. நோயாளிகளின் மாதிரிகளை ஒரு தட்டிலும் (பல மாதிரிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் குழித்தட்டு) மற்றவர்களுடையதை வேறொரு தட்டிலும் ஓட்டவிருந்த திட்டத்தைத் தடுத்துக் கலந்து அடுக்கச் சொன்ன புள்ளியியலாளருக்கும் நன்றி. இல்லாவிட்டால் நாம் கண்டது நோயின் வேறுபாடா, தட்டின் வேறுபாடா என்று பிரித்தறிய வழியே இருந்திருக்காது.

ஒப்புதல் தந்துவிட்டு இடையில் விலகியவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று படிவத்திலேயே இருக்கிறது, நாங்களும் கேட்கவில்லை. உங்கள் குறியீட்டு எண்ணைக் கொண்ட எல்லாப் பங்குகளையும் உறைபெட்டியிலிருந்து எடுத்து ஆட்டோகிளேவ் செய்து அழித்தாயிற்று. இன்னும் வெளியிடாத தரவிலிருந்தும் அந்த எண்ணை நீக்கியாயிற்று. மற்ற பங்கேற்பாளர்களில் தங்கள் முடிவுத்தாளைக் கேட்டவர்களுக்கு அது குறியீட்டு எண்ணின்படி தனித்தனி உறையில் வந்துசேரும். அதிலுள்ள பாக்டீரியாப் பட்டியல் நோயறிதல் அல்ல. அதைக் காட்டி மருந்து கேட்க வேண்டாம், வாங்கும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

நன்றியுடன்,
ஆய்வகக் குழுவினர்